கன்னம் திரும்பும் வரை

கீலுங் துறைமுகத்தில் அன்றைக்கும் மழை. சத்தமே இல்லாத மழை. கப்பல்கள், மலை, தெருவிளக்குகள் எல்லாம் பாலில் நனைத்து எடுத்தது போல வெளுத்துத் தெரிந்தன.

பெய்யுன் அப்பாவின் குடைக்குள் நடந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பத்து வயது. வலது கடைவாய்ப் பல்லில் மிளகு அளவுக்கு ஒரு குழி. இனிப்புப் பட்டால் போதும், வலி காது வரைக்கும் போய் எட்டிப் பார்த்துவிட்டு வரும்.

போன வாரம் அம்மாதான் அவளைப் பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். நாற்காலியில் உட்காரும் வரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. டாக்டர் லியாவ் ஒரு கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "கொஞ்சம் வாயைத் திறம்மா" என்றதும் பெய்யுனுக்குப் புரிந்துவிட்டது. மறைக்கிற அளவுக்கு அந்த ஊசி எவ்வளவு பெரிதாக இருக்கும்? குடைக் கம்பி அளவு? அடுத்த நிமிடம் அவள் மாடிப்படியில் இருந்தாள். கழுத்தில் கட்டிய காகிதத் துண்டு காற்றில் படபடத்தது. எவ்வளவு கெஞ்சியும் அவள் மேலே ஏறவில்லை. மனசு தயாரானதும் வரட்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

மனசு தயாராகவே இல்லை. வலி மட்டும் தயாராக இருந்தது. நேற்று இரவு வலியில் தூக்கமும் போய்விட்டது. அம்மாவுக்குச் சந்தையில் மீன் கடை. இன்றைக்கு நகர முடியாது. அதனால் அப்பா வந்தார்.

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். பதினைந்து மாடி உயரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, லாரி அளவுப் பெட்டிகளைப் பூனைக்குட்டி போலத் தூக்கி வைப்பார். புயல் காற்றில் கூண்டு ஆடினால்கூடச் சிரிப்பார் என்று அவருடைய நண்பர்கள் சொல்வார்கள்.

அப்படிப்பட்ட அப்பா இன்றைக்கு மிக மெதுவாக நடந்தார். ஒரு கப்பலைக் காட்டி, அது எந்த ஊரிலிருந்து வந்தது தெரியுமா என்று கேட்டார். பிறகு இன்னொரு கப்பலைக் காட்டினார். பிறகு தண்ணீருக்கு மேலே வட்டமடித்த பருந்துகளைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டார். தாமதமானால் பெய்யுனுக்கு நல்லதுதானே. அவளும் நின்றாள்.

பருந்துகள் இறக்கையை அடிக்கவே இல்லை. விரித்தபடி, மழைக்குள் மிதந்து, கப்பல்களின் கொடிகளைத் தொடுவது போல இறங்கி, மறுபடி மேலே போயின. பார்க்கப் பார்க்கத் தூக்கம் வருவது போல இருந்தது.

அதற்கு மேலும் நிற்க முடியாமல் போனதும் அப்பா தெருமுனைக் கடையில் ஆவி பறக்கும் பன் ஒன்று வாங்கினார். பெய்யுன் பல் துலக்கியிருந்ததால் வேண்டாம் என்றுவிட்டாள். அப்பா ஒரு கடி கடித்தார். உடனே முகம் கோணியது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார்.

பெய்யுன் அவரையே பார்த்தாள். கொஞ்ச நாளாக அப்பா சூப்பை ஆறவைத்துக் குடிப்பதும், ஒரே பக்கமாக மெல்லுவதும் அவளுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"அப்பா, உங்களுக்கும் பல்லு வலிக்குதா?"

"சே, சே. சூடு பட்டுடுச்சு, அவ்வளவுதான்."

"எத்தனை நாளா சூடு படுது?"

அப்பா பன்னைப் பார்த்தார். "புத்தாண்டுலேர்ந்து."

டாக்டரிடம் ஏன் காட்டவில்லை என்று அவள் கேட்டாள். அப்பா துறைமுகத்தைப் பார்த்தார். குடையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருந்தது. கடைசியில், பக்கத்தில் யாரும் இல்லையே என்று திரும்பிப் பார்த்துவிட்டு, குனிந்து அவள் காதில் சொன்னார்.

"ஊசி."

பெய்யுனுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கவில்லை. போன வாரம் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தபோது கீழே போனவர்கள் சிரித்தது எப்படி இருந்தது என்று அவளுக்குத் தெரியும். அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டாள். தனக்கு மட்டும்தான் இந்தப் பயம் என்று நினைத்திருந்தாள். இப்போது அது பாதியாகக் குறைந்தது போல இருந்தது.

"அப்போ ரெண்டு பேரும் காட்டலாம்."

"இன்னைக்கு உன் பல்லுக்குத்தான் நேரம் வாங்கியிருக்கு, கண்ணு."

"நான் உட்கார்ந்தா நீங்களும் உட்காரணும். சரியா?"

அப்பா அவளையும் எதிரே தெரிந்த பல் டாக்டரின் மாடிப்படியையும் மாறி மாறிப் பார்த்தார். இவள் எங்கே உட்காரப் போகிறாள் என்று நினைத்தாரோ என்னவோ, சரி என்று தலையாட்டிவிட்டார்.

மேலே போய் நாற்காலியில் ஏறியதும் பெய்யுன் கதவைத் திரும்பிப் பார்த்தாள். அது பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் அவள் ஓடினால் அப்பாவும் ஓடிவிடுவார். அப்புறம் அந்தப் பல் அடுத்த புத்தாண்டு வரை வலிக்கும். அவள் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு டாக்டரைப் பார்த்தாள்.

"டாக்டர், ஊசியை மறைக்காதீங்க. மறைச்சா அது ரொம்பப் பெருசாயிடுது."

டாக்டர் லியாவ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பயப்படக் கூடாதே என்றுதான் மறைத்ததாகவும், அது தன் தப்பு என்றும் சொன்னார். பிறகு ஊசியைத் தட்டில் வைத்துக் காட்டினார். நுனி தலைமுடி போல மெலிசாக இருந்தது. குடைக் கம்பிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

எது செய்வதாக இருந்தாலும் முன்னாலேயே சொல்ல வேண்டும் என்று பெய்யுன் கேட்டுக்கொண்டாள். அவள் இடது கையைத் தூக்கினால் டாக்டர் நிறுத்திவிட வேண்டும். டாக்டர் இரண்டுக்கும் ஒத்துக்கொண்டார்.

முதலில் ஈறில் ஒரு மருந்துப் பசை தடவினார். வாழைப்பழ வாசனை அடித்தது. "இப்போ ஊசி வருது" என்றார். பெய்யுன் கையைத் தூக்கினாள். டாக்டர் உடனே நிறுத்தினார்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. நிறுத்துறீங்களான்னு பார்த்தேன்."

மருந்து எடுத்துக் கொடுக்கும் அக்கா முகக்கவசத்துக்குள்ளேயே சிரித்தாள்.

பெய்யுன் கண்ணை மூடினாள். மூடிய இமைக்கு மேலே நாற்காலி விளக்கு மஞ்சளாகப் பரவியது. அது மழைக்கு அந்தப் பக்கம் இருக்கிற சூரியன். அவளுக்கு இறக்கை இருந்தது. அடிக்கவே வேண்டாம், விரித்தால் போதும். கீழே சிவப்புக் கப்பல், பச்சைக் கப்பல். வாய்க்குள் ஒரு குத்து. வலித்தது. எறும்பு கடித்து, கடித்த இடத்திலேயே நிற்பது போல. ஒரு சொட்டுக் கண்ணீர் காதுப்பக்கம் உருண்டது. பருந்து ஒரு வட்டம் சுற்றி வருவதற்குள் எறும்பு போய்விட்டது. உதடு போய்விட்டது. கன்னமும் மெல்ல மெல்லப் பஞ்சாகி, மேகத்துக்குள் போய்விட்டது.

குழியைச் சுத்தம் செய்யும் கருவி கொய்ங் என்றது. அது அவளுக்கு வெகு தூரத்தில் போகிற படகாகக் கேட்டது.

குழியை அடைத்துவிட்டு, "முடிஞ்சது" என்று டாக்டர் சொன்னபோது, அதற்குள்ளாகவா என்று இருந்தது.

பெய்யுன் இறங்கினாள். நாற்காலி காலியானது. அப்பா அதைப் பார்த்தார். நேரமாகிவிட்டது, மழை வலுக்கப் போகிறது, டாக்டருக்கும் வேலை இருக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். மழையால் அடுத்து வர வேண்டியவர் வரவில்லை என்று அந்த அக்கா சொல்லிவிட்டாள். அப்பாவிடம் வேறு காரணம் இல்லை.

அவர் படுத்ததும் நாற்காலியே சின்னதாகத் தெரிந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் பல்லையே எடுக்க வேண்டி வந்திருக்கும் என்றார். அப்பாவின் நெற்றி வேர்த்தது. பெய்யுன் அவருடைய கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். மரத்துப்போன வாயால் மெதுவாகப் பேசினாள்.

"மொதல்ல வாழப்பழம். அப்புறம் எறும்பு. அவ்வளவுதான்ப்பா. கண்ணை மூடிட்டு எங்கேயாவது போயிடுங்க."

"எங்கே போறது?"

"நான் பருந்து கூடப் போனேன். நீங்க உங்களுக்குப் பிடிச்ச இடத்துக்குப் போங்க."

அப்பா கண்ணை மூடினார். ஊசி வருகிறது என்று டாக்டர் சொன்னதும் அவருடைய இன்னொரு கை மேலே போனது. டாக்டர் நிறுத்தினார்.

"என்னாச்சு?"

"சும்மா. நிறுத்துறீங்களான்னு பார்த்தேன்" என்றார் அப்பா.

பெய்யுனின் விரல்கள் நொறுங்கிவிடும் போல ஒரு பிடி. பிறகு அந்தப் பிடி தளர்ந்தது. மூச்சு சீரானது. அவர் எங்கே போனார் என்று அவள் கேட்கவில்லை. நல்ல இடமாகத்தான் இருக்க வேண்டும். உதட்டோரம் கொஞ்சம் சிரிப்பு இருந்தது.

மரத்துப்போனது சரியாகும் வரை எதையும் சாப்பிட வேண்டாம் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். இரண்டு பேரும் துறைமுகக் கூரைக்குக் கீழே ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஒரு பெரிய வெள்ளைக் கப்பல், போவதே தெரியாமல் போய்க்கொண்டிருந்தது.

"கன்னம் திரும்பி வந்துடுச்சா?" என்று அப்பா கேட்டார்.

பெய்யுன் கன்னத்தைத் தட்டிப் பார்த்தாள். வேறு யாருடைய கன்னத்தையோ தட்டுவது போல இருந்தது. "இன்னும் வரலப்பா. உங்களுக்கு?"

"எனக்கும் வரல."

அப்போது அம்மாவிடமிருந்து போன் வந்தது. என்ன ஆயிற்று என்று அம்மா கேட்டாள். அப்பா ஏதோ சொன்னார். அம்மாவுக்குப் புரியவில்லை. போனை வாங்கிப் பெய்யுன் ஏதோ சொன்னாள். அதுவும் புரியவில்லை.

"அங்க என்ன நடக்குது? ரெண்டு பேரும் வாயில என்னத்த வெச்சிருக்கீங்க?"

"ஒண்ணும் இல்லம்மா" என்றாள் பெய்யுன். "வாயே இங்க இல்ல."

அப்பா சிரித்தார். சிரிப்பு ஒரு பக்கமாக மட்டும் வந்தது. அதைப் பார்த்துப் பெய்யுனும் சிரித்தாள். அவளுக்கு இன்னொரு பக்கமாக வந்தது. இரண்டையும் சேர்த்தால் ஒரு முழுச் சிரிப்பு இருந்தது.