நகல்: உரிமதாரருக்கு

"லைட்டரைக் கீழ வைங்க! அடுப்பைப் பத்த வைக்காதீங்க!"

வரிசையில் நின்ற இருபது பேரும் ஒரே சமயத்தில் திரும்பிப் பார்த்தார்கள். கத்தியது அவள்தான். உணவுப் பாதுகாப்பு ஆய்வாளர்... ஆனால் இன்று இல்லை. "இன்னைக்கு ஒரு நாள் நீ ஆபீசர் இல்லடி, வெறும் சித்தி. எந்த வண்டிக்கு அடியிலயும் குனிஞ்சு பார்க்கக் கூடாது" என்று வரும் வழியிலேயே அக்கா சத்தியம் வாங்கியிருந்தாள்.

மைதானம் முழுக்க உணவு வண்டிகள். மாதத்தின் நான்கு ஞாயிறும் இந்தத் திருவிழா நடக்கும். அம்மா, அக்கா, அத்தான், அக்காவின் ஐந்து வயது வாண்டு எல்லோரும் சுட்ட சோளத்தில் தொடங்கி, பொரித்த உருளைக்கிழங்கில் இளைப்பாறி, இந்தச் சூப் வண்டிக்கு வந்து சேர்ந்தபோதுதான் அந்த நெடி அவள் மூக்கைக் குத்தியது.

வண்டிக்குள் நின்றவன் லைட்டரோடு அப்படியே உறைந்தான். அணைந்து போயிருந்த அடுப்பைப் பற்றவைக்கக் குனிந்திருந்தவன். நிமிர்ந்தபோது அவன் கண்கள் நேராக அவள் கண்களில் மோதின... அமைதியான, கொஞ்சம் குழம்பிய கண்கள்.

"என்னங்க ஆச்சு?"

"என்ன ஆச்சா? பத்தடி தள்ளி நிக்கிறவளுக்கு கேஸ் நெடியில தலை சுத்துது. பக்கத்துல நின்னுக்கிட்டு... மூக்குன்னு ஒண்ணு இருக்கா இல்லையா உங்களுக்கு?"

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவன் முகம் சட்டென்று சுருங்கியது. சிலிண்டரின் வால்வைத் திருகி மூடினான். பின்கதவைத் திறந்துவிட்டு இறங்கி வந்தான். "எல்லாரும் கொஞ்சம் தள்ளிப் போயிடுங்க" என்றான், குரல் உயர்த்தாமல்.

"சூப் கிடைக்குமா கிடைக்காதா? இந்தம்மா என்ன பெரிய இன்ஸ்பெக்டரா?" என்றார் வரிசையில் முதலில் நின்றவர்.

"அதேதாங்க" என்றார் அத்தான் பெருமூச்சோடு. "லீவு நாள்லயும்."

அவள் அதற்குள் குனிந்தாயிற்று. சத்தியம் காற்றில் பறந்தது. தகரத்தின் விளிம்பில் உரசி உரசி, ரப்பர் குழாய் ஓரிடத்தில் வாய் பிளந்திருந்தது. அதற்கு நேர் மேலே, வண்டியின் பலகையைப் பிடித்துத் தொங்கியபடிதான் சற்று முன்பு வரை வாண்டு நின்றிருந்தாள்.

அப்போது ஒரு பெரியவர் தண்ணீர் கேனோடு வந்தார். வண்டியை நெருங்கினார். மூக்கை உறிஞ்சினார். கேன் கையிலிருந்து விழுந்தது. ஓடி வந்து மகனின் முகத்தையும் கைகளையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"ஒண்ணும் ஆகலப்பா. இவங்க தடுத்துட்டாங்க."

பெரியவர் அவள் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். "அவனுக்கு வாசனையே தெரியாதும்மா. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு காய்ச்சல்... அதோட போச்சு. உப்பு, காரம் தெரியும், வாசனை கிடையாது. அதனால நான் பக்கத்துலயே நிப்பேன். தண்ணி பிடிக்க ஒரு பத்து நிமிஷம் போனேன்... பத்தே நிமிஷம்..."

அவளுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது. மூக்கு இருக்கா என்று... அதுவும் இத்தனை பேர் முன்னால்!

பூமி பிளக்கவில்லை. வானம்தான் பிளந்தது. சடசடவென்று மழை. வரிசை சிதறி ஓட, இரண்டு குடும்பமும் பக்கத்து மரத்தடிக் கூடாரத்தில் ஒண்டின. ஓரமாகத் தெறித்த சாரலில் அவன் இமைகள் நனைந்திருந்தன. பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே அவள் பார்த்தாள்.

"மன்னிச்சிடுங்க... நான் தெரியாம..."

"நீங்க கேட்ட கேள்வி நியாயமானதுதான் மேடம். பதில்தான் 'இல்ல'ன்னு ஆகிப்போச்சு."

சொல்லிவிட்டு அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

மழை விட்டு, நெடியும் அடங்கியதும் அவன் சூடு ஆறாத பாத்திரத்திலிருந்து எல்லோருக்கும் சூப் ஊற்றினான். அவள் மட்டும் கிண்ணத்தைத் தொடவில்லை.

"உங்க வண்டி என் பகுதியில வருது. நான் வாங்கிக்கக் கூடாது."

"உசிரைக் காப்பாத்தினவ ஒரு வாய் குடிச்சா குடியா முழுகிடும்?" என்றாள் அம்மா.

"பதினோரு வருஷமா ஒரு டீ கூட வாங்கினதில்லம்மா." பையிலிருந்து நோட்டை எடுத்தாள். குழாயை மாற்றி, கேஸ் கசிந்தால் அலறும் கருவி பொருத்தும் வரை வண்டி திறக்கக் கூடாது என்று எழுதி, கிழித்து நீட்டினாள்.

அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். "ரொம்ப நன்றி."

"மூடச் சொன்னதுக்கா?"

"மூடுறதுக்கு நான் இருக்கேனே... அதுக்கு."

அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தாள். "ஆபீசருக்கு ஜலதோஷம் போல" என்று அத்தான் கண்ணடித்தார்.

புதன்கிழமை அலுவலகத்துக்கு வந்தான், குழாயும் கருவியும் பொருத்திய சான்றிதழோடு. நேரில் போய்ப் பார்த்து, திறக்க அனுமதி கொடுத்தாள். சனிக்கிழமை மீண்டும் வந்தான், தீயணைப்பானை எந்தப் பக்கம் மாட்டுவது என்று கேட்க. அடுத்த செவ்வாய் வந்தபோது கேட்க ஒன்றுமே இல்லை. "சூப் வந்தாச்சு" என்று பக்கத்து மேசைக்காரி கிசுகிசுத்தாள்.

"நன்றி சொல்லிட்டுப் போகலாம்னு..."

"ரெண்டு தடவை சொல்லியாச்சே."

"உயிருக்கு எத்தனை தடவைன்னு கணக்கு இருக்கா மேடம்?"

நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று துள்ளியது. அந்தத் துள்ளல்தான் அவளைப் பயமுறுத்தியது.

"இனிமே வராதீங்க" என்றாள், மேசையிலிருந்த கோப்பைப் பார்த்தபடி. "உங்க உரிமத்துல கையெழுத்துப் போடுறவ நான். நாளைக்கே உங்க வண்டியில ஒரு குறை இருந்து, உங்க முகத்தைப் பார்த்து நான் கண்ணை மூடிக்கிட்டா? பலகையைப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு குழந்தை நின்னா?"

அவன் முகம் மறுபடி சுருங்கியது, அன்று போலவே. "நன்றிக்கு மேல நான் எதுவும் கேக்கலையே மேடம்..." என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அந்த வார்த்தைதான் முள்ளாகத் தைத்தது. நன்றி மட்டும்தானா? வேறு ஒன்றுமே இல்லையா? வராதே என்று சொன்னவளே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள்... இரண்டு நாள்... மூன்றாவது ஞாயிறு திருவிழாவுக்கு அக்கா கூப்பிட்டபோது தலைவலி என்று படுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை ஒரு வெள்ளைத்தாளை எடுத்து எழுதினாள். மேலதிகாரி அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்மா... அந்தச் சூப் வண்டியோட கோப்பை வேற ஆய்வாளருக்கு மாத்தணும், அவ்வளவுதானே? காரணம், 'நிர்வாக வசதி'ன்னு போட்டா போச்சு."

"பொய் எழுத வேண்டாம் சார்."

அவர் இன்னொரு முறை படித்தார். மீசைக்குள் சிரித்தபடி கையெழுத்திட்டார்.

கடைசி ஞாயிறு. அம்மா விடவில்லை. "தலைவலிக்குச் சூப் நல்லது. கிளம்புடி!"

சூப் வண்டியின் முன் நீண்ட வரிசை. தூரத்திலேயே அவள் கால்கள் நின்றுவிட்டன. வண்டிக்குள் அவன் அடுப்பைப் பார்த்து நின்றிருந்தான்... சட்டென்று கரண்டியை அப்பாவிடம் கொடுத்துவிட்டு இறங்கி வந்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு உறை.

"வியாழக்கிழமை தபால்ல வந்துச்சு." பிரித்துப் படித்தான். "'பொருள்: உரிமக் கோப்பை வேறு ஆய்வாளருக்கு மாற்றுதல். காரணம்: மேற்படி உரிமதாரர் மீது எனக்குத் தனிப்பட்ட விருப்பம் உள்ளது. ஆகவே அவரது வண்டியை நடுநிலையோடு ஆய்வு செய்ய என்னால் இயலாது.' கீழ உங்க கையெழுத்து. உங்க ஆபீஸ் முத்திரை."

அவள் முகம் கொதித்தது. வாண்டு "சித்தி, ஏன் சிவப்பாயிட்டே?" என்றாள். அக்கா அவள் வாயைப் பொத்தி இழுத்துக்கொண்டு போனாள்.

"மூணு நாளா தூக்கமில்ல மேடம். இது எனக்கு வர வேண்டிய கடிதமே இல்லையோ, உங்களுக்குத் தெரியாம யாராவது அனுப்பிட்டாங்களோன்னு..."

"அதை விடுங்க. அன்னைக்கு, நன்றிக்கு மேல ஒண்ணும் இல்லன்னு சொன்னீங்களே?"

"நன்றியெல்லாம் அந்த முதல் ஞாயித்துக்கிழமையே சொல்லி முடிச்சாச்சு. அப்புறம் வந்ததெல்லாம் சாக்கு. தீயணைப்பானை எங்க மாட்டணும்னு எனக்குத் தெரியாதா?" அவன் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தான். "மழை பெய்யறதுக்கு முன்னாடியே மண்ணு வாசனை வந்துடுமாமே... எனக்கு அது கிடையாது. ஆனா கொஞ்ச நேரம் முன்னாடி, நீங்க வந்து நின்னது திரும்பிப் பார்க்காமலே தெரிஞ்சுது. அதுக்கு என்ன பேருன்னு நீங்கதான் சொல்லணும்."

அவள் கண்கள் நிறைந்து வழிந்தன. நெடியடித்த அந்தக் குழாய்க்கும், தண்ணீர் பிடிக்கப் போன அந்தப் பத்து நிமிடத்துக்கும், சத்தியத்தை மீறிய தன் வாய்க்கும் மனசுக்குள் நன்றி சொல்லிக்கொண்டாள்.

"இப்பவாவது சொல்லுங்க மேடம்... இது தவறி வந்த கடிதமா?"

"இனிமே மேடம்னு கூப்பிடாதீங்க. நான் இப்ப உங்க ஆய்வாளர் இல்ல."

"பதில் அது இல்லையே..."

அவள் நிமிர்ந்து அவன் கண்களை நேராகப் பார்த்தாள்.

"உங்களுக்கு நகல் போடணும்னு சட்டம் கிடையாது. நானாதான் போட்டேன். உறையில உங்க பேரை எழுதி, தபால் பெட்டி வரைக்கும் நானே நடந்து போனேன்... ரெண்டு தடவை திரும்பி வந்து, மூணாவது தடவைதான் பெட்டிக்குள்ள போட்டேன்."