கழுத்தில் கறுப்பு அட்டை

பத்மஜாவின் செல்போன் அலறியது.

"பத்மா... உன் தங்கை குளத்துப் படியில கெடக்கறாடி. வாயில நுரை. இதுவும் உங்க நாடகமா?"

எதிர்வீட்டு சிவகாமியம்மாள்.

பத்மஜா ஓடினாள்.

வலியசாலை அக்ரஹாரத்தில் அன்று காலை கேஸ் டேங்கர் கசிந்திருந்தது. நிஜமாக அல்ல... ஒத்திகை. திட்டம் போட்டவள் பேரிடர் பிரிவு அதிகாரி பத்மஜா. காயம்பட்டவர்களாக நடிக்க நாற்பது பேர், ஆளுக்கொரு அட்டை. சிவப்பு என்றால் உடனே ஆம்புலன்ஸ். கறுப்பு என்றால் பிணம், யாரும் தொடக் கூடாது.

தங்கை அஸ்வதிக்கு அவள் கொடுத்தது சிவப்பு.

இப்போது கழுத்தில் தொங்கியது... கறுப்பு!

நாடி இழையாக ஓடியது. பக்கத்தில் பாதி குடித்த ஜூஸ் பாட்டில்.

வந்த ஆம்புலன்ஸை பத்மஜா மறித்தாள்.

"பிஜி, இவளை ஏத்து. இது நிஜம்."

மலையாளி டிரைவர் பிஜி சிரித்தான்.

"நடுவுல 'இது நிஜம்'னு சொல்லி டெஸ்ட் பண்ணுவேன், ஏமாறக் கூடாதுன்னு மேடம் தன்னே அல்லே க்ளாஸ் எடுத்தது? கறுப்பு கார்டு எடுக்க மாட்டேன்."

அவள் போட்ட சட்டம். தங்கையின் உயிரைக் குடித்துக்கொண்டிருந்தது.

உதவியாளர் மஹேஷ் வந்தான்.

"பதறாதீங்க மேடம். பொண்ணு நல்லா நடிக்குது."

பத்மஜா யோசிக்கவில்லை. படியோரம் காயம்பட்டவராக நடித்து முனகிக்கொண்டிருந்த ஸ்ரீகண்டனின் கழுத்திலிருந்து சிவப்பு அட்டையைப் பறித்தாள்.

"மாமா, நீங்க பொழைச்சாச்சு. ஆத்துக்குப் போங்கோ."

அஸ்வதிக்கு மாட்டினாள்.

பிஜி பார்த்தான். சிவப்பு! ஸ்ட்ரெச்சர் பறந்தது.

மாலை, மருத்துவமனை வராந்தா. அஸ்வதி கண் திறந்துவிட்டாள். பத்மஜா வெட்கமில்லாமல் அழுதாள். மஹேஷ் அவளுக்குத் தண்ணீர் நீட்டினான்.

இன்ஸ்பெக்டர் வினீத் கறுப்பு அட்டையோடு வந்தார்.

"உங்க ஆபீஸ் நிவாரணத் தார்ப்பாயை ஒருத்தன் திருட்டுத்தனமா விக்கறதை உங்க தங்கை வீடியோ எடுத்திருக்கா. அதான் ஜூஸில விஷம். அட்டையையும் அவனே மாத்தியிருக்கான்."

"யார் சார்?"

"அட்டை மாட்டறவங்க பின்பக்கம் நேரம் எழுதிக் கையெழுத்துப் போடணும்னு ரூல் போட்டது நீங்கதானே?"

திருப்பிக் காட்டினார். 10.42. கீழே, சுத்தமான கையெழுத்து...

மஹேஷ்.

தண்ணீர் டம்ளர் தரையில் உருண்டது.

"கை... தானா போட்டுடுச்சு சார்..."

விலங்கு மாட்டப்பட்டது. பத்மஜா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மூணு வருஷமா கையெழுத்துப் போடு, போடுன்னு தொண்டை வத்தக் கத்தினேன். வீண் போகலை மஹேஷ்."