இடது கால் சுடுகிறது

“சின்னவங்க இல்லையா?”

அக்குபிரஷர் நிலையத்தின் வாசலில் நின்று ஒரு வாடிக்கையாளர் பெரியவளிடம் கேட்ட கேள்வி அது.

கேட்டு ஒரு வருடம் ஆகிறது. இன்னும் காதுக்குள் கொசுவாய்ச் சுற்றுகிறது.

நிலையத்தை ஆரம்பித்தவள் அவள். பாதத்தில் எங்கே அழுத்த வேண்டும், எவ்வளவு அழுத்த வேண்டும் என்று தங்கைக்கு விரல் பிடித்துச் சொல்லிக்கொடுத்தவள் அவள். இப்போது வருகிறவர்கள் எல்லாம் தங்கையின் அறை முன்னால்தான் உட்காருகிறார்கள். பெரியவளின் கட்டிலில் விரிப்பு கசங்குவதே இல்லை.

அன்று மதியம் கடைக்குப் போய்விட்டுத் திரும்பினாள். தங்கையைக் காணோம். சாப்பிடப் போயிருப்பாள்.

தங்கையின் அறையில்... ஓர் ஆள்!

மல்லாந்து கிடந்தார். வெளிச்சம் கூசாமல் இருக்க முகத்தில் துண்டு. காலில் போர்வை. சட்டைப்பையில் அளவு நாடா. அடுத்த தெருத் தையல்காரர். காத்திருந்து தூங்கிப்போயிருக்க வேண்டும்.

இவரும் அவளுக்குத்தானா?

எரிச்சலோடு போர்வையை விலக்கினாள்.

இடது கெண்டைக்கால் வீங்கியிருந்தது. தோல் பளபளத்தது. தொட்டாள்.

சுட்டது!

வெடுக்கென்று கையை எடுத்தாள். வலது காலைத் தொட்டுப் பார்த்தாள். அது சாதாரணமாக இருந்தது.

ஒரு கால் மட்டும் வீங்கிச் சுட்டால் கை வைக்கக் கூடாது. உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். அழுத்தினால் கட்டி நகரும். நுரையீரலில் போய் அடைக்கும். ஆள் அவுட்.

எழுப்பி ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். வாயைத் திறந்தாள்...

மூடிக்கொண்டாள்.

தங்கையின் கையில் இவர் செத்தால்?

அப்புறம் எவன் அவளைத் தேடி வருவான்?

தன் அறையிலிருந்து வெந்நீர்ப் பைகளைக் கொண்டுவந்தாள். இரண்டு கெண்டைக்காலுக்கும் அடியில் வைத்தாள். இனி இரண்டும் சுடும். வீக்கமும் கண்ணில் படாது. ஒரு காலைத் திறந்தால் மறு காலை மூடி வைப்பது அவர்கள் வழக்கம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தானே வித்தியாசம் தெரியும்!

போர்த்திவிட்டு, வாசல் மேசையில் வந்து உட்கார்ந்தாள். உள்ளுக்குள் ஒரு குளிர்ந்த சந்தோஷம்.

தங்கை வந்தாள். மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

பின்னால் தெருமுனை டாக்டர்.

டாக்டர் எதற்கு?

“அக்கா, உள்ள இருக்கறவர் கால பாத்தியா?”

“இல்லையே. இப்பதான்டி வந்தேன். உள்ளயே போகல.”

தங்கையின் முகம் வாடியது. அந்தக் காலைப் பார்த்ததும் சந்தேகம் வந்ததாம். டாக்டர் போனை எடுக்கவில்லையாம். அக்கா வந்தால் காட்டுங்கள், அவள் விரல் பட்டால் தெரிந்துவிடும் என்று தையல்காரரிடம் சொல்லிவிட்டு டாக்டரைக் கூப்பிட ஓடினாளாம்.

பெரியவள் தங்கையின் அறைப் பக்கம் திரும்பினாள்.

அதற்குள் டாக்டர் உள்ளே போய்ப் போர்வையை விலக்கியிருந்தார்.

“இந்த நிலைமையில யாரும்மா சூடு வச்சது?”

தங்கை வெந்நீர்ப் பைகளைப் பார்த்தாள். அக்காவின் அறைப் பைகள்.

முகத்தின் துண்டு விலகியது. தையல்காரர் கண்ணைக் கசக்கினார்.

“இவங்கதான் சார் வச்சாங்க. துண்டு இடுக்குல பாத்துட்டுதான் இருந்தேன். தொட்டாங்க, சட்டுனு கைய எடுத்தாங்க, அந்தக் காலையும் தொட்டாங்க. சின்னவங்க சொன்ன அக்கா இவங்கதான்னு அப்பவே தெரிஞ்சு போச்சு. பெரியவங்க பாத்துட்டாங்க, இனி நமக்கென்னன்னு நிம்மதியா தூங்கிட்டேன்.”

தங்கை அக்காவை நிமிர்ந்து பார்த்தாள்.

ஆம்புலன்ஸ் வந்தது. யாரும் அழுத்தாமல் விட்டதால் பிழைத்துக்கொள்வார் என்றார் டாக்டர். ஸ்ட்ரெச்சரில் போகும்போது தையல்காரர் தலையைத் திருப்பினார்.

“தப்பா நினைச்சுக்காதீங்க சின்னவங்களே. அடுத்த தடவை நான் பெரியவங்ககிட்டதான் வருவேன். என்னா கவனிப்பு!”

“நான் சொல்றத கொஞ்சம் கேளுடி...” பெரியவள் தங்கையின் கையைப் பிடித்தாள்.

அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள் சின்னவள். படியிறங்கினாள். தையல்காரரின் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஆம்புலன்ஸில் ஏறினாள்.