பெட்டி பொருந்தாத ஆம்ப்

கால்மணி நேரம் கிதார் வாசித்துவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்தபோதுதான், அதன் சத்தத்தைக் கூட்டும் ஆம்பிலிருந்து ஸ்பீக்கர் பெட்டிக்குப் போகவேண்டிய தடித்த கறுப்பு வயர் சோபாவின் அடியில் கிடப்பதைக் கம்பி பார்த்தான். ஒரு முனை பெட்டியில் செருகியபடி இருந்தது. மறுமுனை ஆம்பில் இல்லை, சும்மா தரையில் கிடந்தது. மகளுடைய வேலையாகத்தான் இருக்கும். ஓடிப் பிடித்து விளையாடும்போது காலில் மாட்டி இழுத்துக்கொண்டு போயிருப்பாள். அது பெரிய விஷயமில்லை. இத்தனை நேரம் வாசித்ததெல்லாம் அவனுக்குக் கேட்டதே, அதுதான் விஷயம்.

அதுவும் இரண்டு காதிலும் கேட்டது.

இடது காது போன வருடமே போய்விட்டது. வலது காது மிச்சம் வைத்திருப்பது கொஞ்சம்தான். யாராவது பக்கத்தில் நின்று கத்தினால், பக்கத்து வீட்டு டிவி மாதிரி ஏதோ ஓடுகிறது என்று தெரியும். பதினைந்து வருடம் மேடையில் மற்றவர்கள் பாட்டுக்குப் பின்னால் நின்று கிதார் வாசித்ததற்குக் கிடைத்த வெகுமதி இது. குழுவில் அவனுக்குக் கம்பி என்று பெயர் வைத்தவர்களுக்கு இது தெரியாது. காது டாக்டர்களுக்கும் மனைவிக்கும் மட்டும்தான் தெரியும். வலது காதும் இன்னும் இரண்டு மாதம் தாங்கினால் அதிகம் என்று ஒரு டாக்டர் தாளில் எழுதியே காட்டிவிட்டார். வருகிற வெள்ளிக்கிழமை அவனுடைய சொந்த மெட்டுகளின் ஒலிப்பதிவு. அதுதான் முதல், அதுதான் கடைசி.

அதற்காகத்தான் அந்த ஆம்பை வாங்கினான். ஹை கெயின் டியூப் ஆம்ப், லேசாகத் தொட்டாலே அலறுகிற ரகம். டயர் கடைக்குப் பின்னால் நீளமாகப் போகிற ஒரு கூடத்தில், பழைய ஆம்புகளை வாங்கி விற்கும் கடைக்காரர் அதைத் துணி போட்டு மூடி வைத்திருந்தார். அந்த மனிதருக்கு மீசை இல்லாதது கம்பி செய்த புண்ணியம். உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துக்கொண்டான்.

"சார், நான் எதையும் மறைக்கல. இது மூணு பேர்கிட்டப் போய் மூணு தடவையும் திரும்பி வந்த சாமான். பெட்டி பொருந்தலைன்னு சொல்றாங்க."

"பின்னால நாலு, எட்டு, பதினாறு ஓம்ஸ்னு போட்டிருக்கே. அதுக்கேத்த பெட்டிய மாட்டினாப் போச்சு."

"போட்டிருக்கு. மீட்டர் வெச்சுப் பாத்தா மூணுல ஒண்ணுகூட நிஜமில்ல. இதுக்குக் காதாலதான் பெட்டி பாக்கணும். நல்ல காது இருக்கிற ஆளு கேட்டாத் தெரிஞ்சுடும்." பிறகு அவர் விரலை ஆட்டினார். "ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க. பெட்டி இல்லாம ஆன் பண்ணவே பண்ணாதீங்க. அது சும்மா இருக்காது."

எந்த டியூப் ஆம்புக்கும் சொல்கிற எச்சரிக்கைதான். பெட்டி இல்லாவிட்டால், வெளியே போக வழியில்லாத மின்சாரம் டிரான்ஸ்ஃபார்மரைப் பொசுக்கிவிடும். ஆனால் அவர் நல்ல காது என்று சொன்ன இடத்தில்தான் கம்பிக்குச் சுருக்கென்றது. எனக்குக் காது கேட்காது சார் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் வெள்ளிக்கிழமைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அதனால் பெரிய ரசிகன் மாதிரி தலையை ஆட்டிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு நான்கு பெட்டிகளை ஒவ்வொன்றாக மாட்டச் சொன்னான். வாசிக்கும்போதெல்லாம் பெட்டியின் பக்கப் பலகையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டான். முதுகு திறந்த பெட்டியில் பலகை தளதளவென்று ஆடியது, அது வேண்டாம். நான்கு ஸ்பீக்கர் வைத்த கனத்த பெட்டியில் அதிர்வு மணிக்கட்டைத் தாண்டி முழங்கைவரை ஏறியது. அதையே எடுத்துக்கொண்டான். ஸ்பீக்கர் பெட்டியைக் கையால் தடவி வாங்கிய கிதார்காரன் உலகத்திலேயே அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

இப்போது அந்தக் கனத்த பெட்டி வரவேற்பறை மூலையில் வாயை மூடிக்கொண்டு நின்றது. அதன்மேல் ஆம்பின் டியூப்கள் ஆரஞ்சு நிறத்தில் எரிந்தன. சூடான தூசியின் வாசனை வந்தது. அவன் அந்த வயரை எடுத்து ஆம்பில் செருகி, கிதாரில் ஒரு கம்பியை மீட்டினான். பழையபடி பஞ்சு அடைத்த சத்தம், வலது காதில் மட்டும். பிடுங்கினான். மீட்டினான்.

மழை பெய்து ஓய்ந்த பிறகு ஜன்னலைத் திறந்தால் தெரு எப்படித் துல்லியமாகத் தெரியுமோ அப்படிக் கேட்டது. நகம் கம்பியில் உரசுவது, விரல் சறுக்குவது, சுரம் தேய்ந்து அடங்கும் இடத்தில் ஒரு சின்ன நடுக்கம், எல்லாமே கேட்டது. கம்பி தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். ஆம்ப் எரிந்துபோகும் என்ற பயம் அவனுக்கு இருந்தது. ஆனால் ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் பெட்டி இல்லாமலேதான் வாசித்தான். ஆம்ப் எரியவில்லை, வழக்கத்தைவிடச் சூடுகூட ஏறவில்லை. அதற்கு ஒரு விசித்திரமான நேரக்கணக்கு மட்டும் இருந்தது. காலையில் எவ்வளவு மீட்டினாலும் ஒரு பொட்டுச் சத்தம் வராது. மாலை நாலு மணிக்கு மேல்தான் வரும். பழைய டியூப், மெதுவாகத்தான் முழிக்கும் என்று அவனே ஒரு காரணம் சொல்லிக்கொண்டான். வேண்டியது கிடைக்கும்போது யாருக்கு ஆராயத் தோன்றும்? பள்ளி வேன் மகளை இறக்கிவிட்டுப் போவது மூன்றே முக்காலுக்கு.

மனைவி ஒருமுறை சமையலறை வாசலில் நின்று அவனையே பார்த்தாள்.

"என்னங்க, சத்தமே வரல. சும்மா எதுக்கு டொக்கு டொக்குன்னு தட்டிட்டிருக்கீங்க?"

"உனக்குக் கேக்கலையா?"

அவள் முகத்தில் பரிதாபம் வந்தது. மிச்சமிருந்த காதும் போனதை மறைக்கிறான் என்று நினைத்துவிட்டாள் போல. திரும்பச் சமையலறைக்குள் போய்விட்டாள்.

வியாழன் மாலை அவள் வேலையிலிருந்து வந்ததும் நேராக அவன் முன்னால் வந்து உட்கார்ந்து, அவன் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"வாலு பேசறதில்ல, உங்களுக்குத் தெரியுமா?"

"என்ன சொல்ற?"

"நாலு நாளா ஒரு வார்த்தை இல்ல. நானும் முதல்ல ஏதோ கோவம்னு நினைச்சேன். டீச்சர் இன்னிக்கு ஃபோன் பண்ணிட்டாங்க. வாயத் திறக்கிறா, ஒண்ணும் வரலைங்கறாங்க. நாளைக்குக் காலையில டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறேன்."

வாலு என்று மகளுக்கு அவர்கள் பெயர் வைத்ததே அவள் வாய் ஓயாததால்தான். அந்தக் குரல் நின்று நாலு நாளாகியும், அதே வீட்டில் இருக்கிற அப்பனுக்குத் தெரியவில்லை. அவனுக்கு அது நின்றுபோய் மாதக்கணக்கில் ஆகிறது. அவளை இன்னொரு தடவை கேட்கவேண்டும் என்பதற்காகத்தான் டாக்டர் டாக்டராக அலைந்தான். ஒலிப்பதிவெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மனைவி துணி மாற்றப் போனாள். அவன் கடைக்காரருக்கு ஒரு செய்தி அனுப்பினான். 'பெட்டி மாட்டாமலே ஆம்ப் ஓடுகிறது. எரியவில்லை. எப்படி?'

உடனே பதில் வந்தது.

'பெட்டி இல்லாம ஓடாது சார். ஓடுதுன்னா வீட்டுல எங்கியோ ஒரு பெட்டி பொருந்திடுச்சு. எங்கன்னு பாருங்க. சீக்கிரம்.'

கிதாரைத் தோளில் மாட்டினான். ஒரே ஒரு சுரம் மீட்டினான். ஹை கெயின் ஆம்பில் ஒரு சுரம் பிடித்துக்கொண்டால் லேசில் விடாது; அது நீண்டுகொண்டே போனது. கிதாரின் நீள வயரை இழுத்துக்கொண்டு, கடையில் செய்த மாதிரியே, உள்ளங்கையை விரித்துக்கொண்டு நடந்தான். மூலையில் நின்ற பெட்டியைத் தொட்டான். செத்த கட்டை. சுவரைத் தொட்டான். சில்லென்று இருந்தது. அலமாரி, மேஜை, ஜன்னல் சட்டம், எதிலும் துடிப்பு இல்லை. ஆனால் நடைக்குள் திரும்பியதும் சத்தம் கூடியது. ஒவ்வொரு அடிக்கும் கூடியது. இடது காதுக்குள் ஈ புகுந்த மாதிரி குறுகுறுத்தது.

கதவுகள் இரண்டு. குளியலறைக் கதவைத் தொட்டான். இல்லை.

மகளுடைய அறைக் கதவு துடித்தது.

தள்ளினான். விளக்கு போடவில்லை. ஜன்னலில் அந்தி வெளிச்சம். கட்டிலில் வாலு, அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். பள்ளிச் சீருடைகூட மாற்றவில்லை. அறையில் சூடான தூசியின் வாசனை.

"வாலு."

திரும்பவில்லை.

கையை நீட்டினான். பின்னுக்கு இழுத்தான். மறுபடி நீட்டினான். அந்தச் சின்ன முதுகில் உள்ளங்கை பட்டது.

அதிர்வு மணிக்கட்டைத் தாண்டியது. முழங்கையைத் தாண்டியது. தோள்வரை ஏறியது. நான்கு பெட்டிகளில் எதிலும் இப்படி ஏறவில்லை.

அவள் மெதுவாகத் திரும்பினாள். வாய் திறந்திருந்தது. பெரிதாக. தொண்டை அசையவில்லை, நாக்கு அசையவில்லை. அந்த வாயிலிருந்து அவனுடைய சுரம் வந்துகொண்டிருந்தது. பிசிறில்லாமல். அவன் வாழ்க்கையில் வாசித்ததிலேயே நல்ல சுரம்.

கிதார்க் கம்பிகளை உள்ளங்கையால் அழுத்தி அமுக்கினான். சுரம் நிற்கவில்லை. கிதாரிலிருந்து வயரைப் பிடுங்கினான். நிற்கவில்லை. ஓடினான். நடையில் இடித்துக்கொண்டான். ஆம்பின் சுவிட்சைத் தட்டினான். டியூப்கள் மங்கின. சிவந்தன. கறுத்தன. நிற்கவில்லை. சுவரிலிருந்து பிளக்கை உருவினான். அதைக் கையில் பிடித்துக்கொண்டே, வயர் இழுக்க, ஆம்ப் பெட்டிமேலிருந்து விழுந்து உடைய, வயர் அறுந்து கையோடு வர, திரும்ப அந்த அறைக்கு ஓடினான்.

மனைவி வந்திருந்தாள். மகளின் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினாள். அவளுக்கு அது கேட்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. அவள் பார்ப்பது, வாயைத் திறந்தபடி சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு குழந்தையை.

"மூச்சு விடுமா." அவள் உதடுகள் அதையே திரும்பத் திரும்பச் சொல்லின. "வாலு, மூச்சு விடுமா. என்னங்க, இவ மூச்சே விடல. என்னங்க!"

அவள் கத்தியது அவனுக்குக் கேட்கவில்லை. வீட்டில், தெருவில், உலகத்தில் அவனுக்குக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அது தேயவில்லை. ஏறிக்கொண்டிருந்தது.

வாலுவின் கண்கள் அவனைத் தேடிப் பிடித்தன. கன்னத்தில் நீர் வழிந்தது. திறந்த வாய் கஷ்டப்பட்டு அசைந்தது. மூடி, திறந்து, மறுபடி மூடி. உதடுகளை அவன் படித்தான்.

நிறுத்துப்பா.

அறுந்த வயரோடு பிளக் அவன் கையில் இருந்தது. சுரம் இன்னொரு கட்டை மேலே போனது.