ஹைதர் வீட்டு ரொட்டி

கீவா என்ற பாலைவன நாட்டில் இனி யாரும் அடிமை இல்லை என்று அதன் அரசரான கான் முரசறைந்து சொல்லி ஓராண்டுகூட ஆகவில்லை. அன்று நிகார் குதித்த குதியில் குடிசைக் கூரையிலிருந்து மண் உதிர்ந்தது. அவளுடைய அப்பா ஹைதரை இனி யாரும் விற்கவும் முடியாது, வாங்கவும் முடியாது.

விடுதலை கிடைத்தது சரி, தண்ணீர் கிடைக்க வேண்டாமா? கீவாவில் மழையை நம்பி ஒரு முலாம்பழம்கூடக் காய்க்காது. எல்லாம் வாய்க்கால் தண்ணீர்தான். குளிர் விடும் சமயத்தில் வாய்க்காலில் படிந்த வண்டலை வெட்டி எடுப்பார்கள். எந்த வீடு வெட்டுகிறதோ, அந்த வீட்டு நிலத்துக்குத்தான் தண்ணீர்.

ஹைதர் பல வருஷம் வெட்டியவர். ஆனால் அத்தனை உழைப்பும் எஜமான் பெக்நியாஸின் பெயரில் போய்விட்டது. அடிமைக்கு ஏது வீடு? இந்த வருஷம்தான் முதன்முதலாகத் தன் வீட்டுக்காக, விடுதலைக்குப் பின் கிடைத்த துண்டு நிலத்துக்காக, மண்வெட்டி பிடித்திருந்தார்.

யார் யாருக்காக வெட்டுகிறார் என்று தெரிந்துகொள்ள, தண்ணீரைப் பங்கிடும் மிராப் ஜுமானியாஸிடம் ஒரு பழைய வழி இருந்தது. மதியச் சாப்பாட்டு வேளையில் கரையோரமாக நடந்து வருவார். தன் வீட்டு ரொட்டியைத் தின்கிறவன் தனி வீட்டுக்காரன். அடுத்தவர் கொடுத்ததைத் தின்கிறவன் அந்த அடுத்தவரின் ஆள். அவ்வளவுதான் சட்டம்.

அன்று அப்பாவுக்கான சோள ரொட்டியைத் துணியில் கட்டிக்கொண்டு நிகார் வாய்க்காலுக்குப் போனாள். தூரத்திலேயே ஆட்டிறைச்சிச் சோற்றின் வாசனை மூக்கைத் துளைத்தது. அப்பா வெட்டும் இடத்தில் பெரிய அண்டா. பக்கத்தில் பெக்நியாஸ். அவர் கையில் சுடச்சுடக் கோதுமை ரொட்டி.

"வாப்பா ஹைதர். எத்தன வருஷப் பழக்கம் நம்மளுது? ஒரு வாய் சாப்பிடு" என்று தேன் ஒழுகப் பேசிக்கொண்டிருந்தார்.

அப்பா திருதிருவென்று விழித்தார். நீட்டிய ரொட்டியை மறுப்பது கன்னத்தில் அறைகிற மாதிரி. கீவாவில் எதிரிக்குக்கூட யாரும் அப்படிச் செய்வதில்லை. ஆனால் தின்றால் நிலம் காய்ந்துவிடும். பிழைப்புக்காக மறுபடியும் பெக்நியாஸின் வயலுக்கே தலை குனிந்து போக வேண்டும். அந்த மனிதர் காத்திருந்ததும் அதற்குத்தான்.

மிராப்பின் குல்லா தூரத்தில் தெரிந்தது. பக்கத்தில் வெட்டிக்கொண்டிருந்த, விடுதலையான மற்றவர்களும் ஹைதர் என்ன செய்யப்போகிறார் என்று பார்த்தபடி நின்றார்கள். அப்பாவின் கை மெல்ல நீண்டது.

நிகாருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த ரொட்டியைப் பிடுங்கி வீசலாம் போலிருந்தது. ஆனால் ரொட்டியை வீசுவது பாவம். அவள் கரையைப் பார்த்தாள், அண்டாவைப் பார்த்தாள். அண்டா இருந்தது அப்பா வெட்டுவதற்காக அளந்துவிட்ட கரையில்!

அப்பாவுக்கும் பெக்நியாஸுக்கும் நடுவே புகுந்து துணியை விரித்தாள். சோள ரொட்டியைக் கையால் பிட்டு வைத்தாள்.

"உக்காருங்க பெரியப்பா" என்றாள்.

இத்தனை நாள் எஜமான் என்று மட்டுமே கேட்டுப் பழகிய பெக்நியாஸ் திகைத்துப்போனார்.

"நீங்க நிக்கிறது எங்க கரை. எங்க எடத்துக்கு வந்த விருந்தாளி நீங்க. மொதல்ல எங்க ரொட்டியில ஒரு துண்டு எடுத்துக்குங்க."

மண்வெட்டிகள் நின்றுவிட்டன. எல்லோரும் பார்த்தார்கள். விருந்தாளி ரொட்டியை மறுக்கலாமா? பெக்நியாஸ் வேண்டாவெறுப்பாக உட்கார்ந்து ஒரு துண்டை வாயில் போட்டார். காய்ந்த சோள ரொட்டி லேசில் இறங்குமா? மென்றார், மென்றார், மென்றுகொண்டே இருந்தார். பாவமாக இருந்தது. நிகார் சுரைக்குடுவையிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள்.

அதற்குள் அப்பாவும் ஒரு துண்டை எடுத்துத் தின்னத் தொடங்கிவிட்டார். பக்கத்தில் இருந்தவர்களும் அவசர அவசரமாகத் தங்கள் துணிகளை விரித்தார்கள்.

மிராப் வந்து நின்றார். "இது யாரு வீட்டு ரொட்டி?" என்று கேட்டார்.

"எங்க வீட்டு ரொட்டி" என்றார் ஹைதர்.

மிராப் பெக்நியாஸின் உப்பிய கன்னத்தைப் பார்த்தார். "அப்போ இந்த வருஷம் நீங்க ஹைதருக்காக வெட்டுறீங்களா? மண்வெட்டி எங்க?"

வாய்க்கால் முழுவதும் சிரிப்பு பொங்கியது. மிராப் நடையைத் தொடர்ந்தார். விடுதலையானவர்கள் அத்தனை பேரையும் அன்று தனித்தனி வீட்டுக்காரர்களாகவே எண்ணினார்.

அவர் தலை மறைந்ததும் நிகார் அண்டாவை எட்டிப் பார்த்தாள். "சோறு ஆறிப்போவுது பெரியப்பா. இப்போ சாப்பிடலாம்ல?"

பெக்நியாஸ் முணுமுணுத்துக்கொண்டே கரண்டியை எடுத்து நீட்டினார். எல்லோரும் வயிறு முட்டச் சாப்பிட்டார்கள்.

தண்ணீர் திறந்த நாளில் மதகின் மேல் நின்று மிராப் ஒவ்வொரு வீடாக அழைத்தார். "ஹைதர் வீடு" என்று அவர் குரல் கேட்டதும் அப்பாவின் கண்கள் நிறைந்துவிட்டன.

"இருக்கோம்" என்று அவருக்கும் சேர்த்து நிகார் கத்தினாள். தண்ணீர் அவர்கள் நிலத்துக்குள் பாய்ந்தது.