போதும் பாட்டி

எலி தன் அம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம். காலிங் பெல்லிலிருந்து விரலை எடுப்பதற்குள் கதவு திறந்தது. அம்மா "வா" என்றுகூடச் சொல்லவில்லை. கையை நீட்டியது குழந்தைக்குத்தான். பெற்ற மகள் தோளில் ஒரு பை, கையில் ஒரு பை, கக்கத்தில் டயபர் கட்டு என்று பொதி சுமக்கும் கழுதையாக வாசலிலேயே நின்றாள்.

"என் உருண்டை! என் வெல்லக்கட்டி!" அம்மா குழந்தையை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

எலி என்பது பள்ளிக்கூடத்தில் கொடுத்த பெயர் இல்லை. சின்ன வயதில் பென்சில், ஸ்கேல், கட்டில் கால் என்று எதையும் விட்டுவைக்காமல் கொறித்ததால் பாட்டி வைத்த பெயர். பாட்டி போய் ஒரு வருஷம் ஆகிறது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், வளர்ந்த பிறகும் அவளுக்குப் பல்லோடுதான் பிழைப்பு. ஒரு லேபில் பல் செட் செய்கிறாள்.

அன்று பாட்டியை நினைத்துப் பேசத்தான் கூடியிருந்தார்கள். பெரிய கூட்டம் ஒன்றுமில்லை. அம்மா, அம்மாவின் தம்பியான மாமா, எலி, அவளுடைய ஆறு மாதக் குழந்தை உருண்டை. அவ்வளவுதான்.

கை கழுவச் சமையலறைக்குப் போனவள் சிங்க் முன்னால் அப்படியே நின்றாள்.

குழாய்க்குப் பக்கத்தில், பாத்திரம் தேய்க்கும் நாருக்கும் சோப்புக்கும் நடுவில், ஒரு கண்ணாடி டம்ளர். அதற்குள் பாட்டியின் பல் செட், மேல் வரிசையும் கீழ் வரிசையும். தண்ணீர் கலங்கிப் போயிருந்தது. மேலே வழவழவென்று ஓர் ஏடு படர்ந்திருந்தது.

"அம்மா! இதை இன்னுமா வெச்சிருக்க? அதுவும் சாப்பிடற பாத்திரத்தோட?"

"காய்ஞ்சா வளைஞ்சிடும், எப்பவும் தண்ணியிலயே இருக்கணும்னு நீதானேடி சொன்ன?"

"போட்டுக்கறவங்களுக்குச் சொன்னேன்மா."

கடைசி நாளில் ஆஸ்பத்திரியில் கழற்றி அம்மாவின் கைப்பையில் போட்டது அது. அழுகையிலும் ஓட்டத்திலும் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. எல்லாம் முடிந்து வீடு திரும்பி, சாவியைத் தேடிப் பைக்குள் கையை விட்டபோதுதான் அம்மாவின் விரலில் தட்டுப்பட்டது. பெற்றவளை வெறும் வாயோடு அனுப்பிவிட்டோமே என்ற குறை அம்மாவுக்கு இன்றுவரை தீரவில்லை.

எலி மூக்கைச் சுளித்துக்கொண்டு செட்டை வெளியே எடுத்தாள். விரலில் வழுக்கியது. கூடவே கோழை மாதிரி ஓர் இழை நீண்டு வந்து, அறுந்து, அவள் மணிக்கட்டில் ஒட்டியது. எத்தனையோ பேர் வாயைப் பார்த்தவள்தான், ஆனாலும் குமட்டியது. கீழ் வரிசையைத் திருப்பினாள். முன்பற்களின் உட்பக்கம் மஞ்சளாகக் காரை படிந்திருந்தது. நகத்தால் சுரண்டியதும் பிசுபிசுவென்று வந்தது. பழைய காரை கல்லாக இறுகியிருக்கும். இது புதுசு.

காரை எச்சிலால் படிவது. டம்ளர் தண்ணீரில் அது எப்படிப் படியும்?

'உப்புத் தண்ணியா இருக்கும்' என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, செட்டைத் திரும்ப டம்ளரில் போட்டுவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். மனசு ஆறாமல் மறுபடியும் கழுவினாள்.

சாப்பிட்டு முடித்ததும் உருண்டை தூங்கிவிட்டாள். பாட்டியின் அறையில், பாட்டியின் கட்டிலில், இரண்டு பக்கமும் தலையணை அண்டக்கொடுத்துப் படுக்க வைத்தார்கள். பெரியவர்கள் மூவரும் ஹாலில் உட்கார்ந்தார்கள். அறைக் கதவு எலியின் கண்ணுக்கு நேராக இருந்தது.

பாட்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பொழுது போவதே தெரியாது. தாத்தா போனபின் யூனிஃபார்ம் தைக்கும் கம்பெனியில் மிஷின் முன்னால் உட்கார்ந்தவள், இரண்டு பிள்ளைகளையும் ஆளாக்கிய பிறகும் எழுந்திருக்கவில்லை. கத்தரிக்கோலைத் தேடுகிற நேரத்தில் ஒரு காலரை முடித்துவிடலாம் என்று நூலைப் பல்லாலேயே அறுப்பாள். கடித்துக் கடித்து முன்பல் ஒன்றின் நுனியில் குட்டியாக ஒரு பள்ளம் விழுந்துவிட்டது. வயதாகி எல்லாப் பல்லையும் பிடுங்கி, எலி புது செட் செய்ய உட்கார்ந்தபோது, "அந்தப் பள்ளம் இல்லைன்னா அது என் பல்லே இல்லடி" என்று அடம்பிடித்தாள். எலியே சின்ன அரத்தால் அதைச் செதுக்கிக் கொடுத்தாள். லேபில் எல்லாரும் சிரித்தார்கள். போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்த பாட்டியோ அழுதுவிட்டாள்.

"நூலை விடு. நம்ம கன்னத்தை விட்டாளா?" மாமா தன் கன்னத்தைத் தடவிக்கொண்டார். "எங்கம்மாவுக்குக் கொஞ்சத் தெரியாது, கடிக்கத்தான் தெரியும்."

"பாசம் பொத்துக்கிட்டு வந்தா பல்லு தானா நீண்டுடும் அவளுக்கு" என்று அம்மா சிரித்தாள்.

"பல்லு இருந்தவரைக்கும் பரவாயில்லக்கா. பிள்ளைக்கு வலிக்கும்னு லேசா ஒரு கடியோட விட்டுடுவா. எல்லாத்தையும் பிடுங்கிட்டு, செட்டு வர்ற வரைக்கும் பொக்கை வாயோட இருந்தா பாரு, அப்பதான் ஆபத்து. ஈறால கவ்வினா விடவே மாட்டா! என் பையன் கன்னம் நீலம் பாரிச்சுப் போச்சு. நான் 'போதும்மா, விட்டுடும்மா'ன்னு கெஞ்சறேன். ம்ஹூம். கடிபட்டவங்களே வாயைத் திறந்து 'போதும் பாட்டி'ன்னு சொல்லணும். அப்பதான் விடுவா."

"அதுக்குப் பயந்துதானே மாமா நான் ராவும் பகலுமா உட்கார்ந்து செட்டை முடிச்சேன்!"

மூவரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே எலி தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். அப்படி ஒரு பாசத்தை அவளிடம் வேறு யாரும் காட்டியதில்லை.

அறைக்குள் உருண்டையும் சிரித்தாள்.

தூக்கத்தில் சிரிக்கிறாள் என்று எலி நினைத்தாள்.

சிரிப்பு நிற்கவில்லை. யாரோ கிச்சுகிச்சு மூட்டுவது போல விட்டுவிட்டு வந்தது. பிறகு இன்னொரு சத்தம். ஈரமாக, சப்புக்கொட்டுகிற சத்தம்.

எலி எழுந்து ஓடினாள்.

அறையில் யாருமில்லை. கிராம்பு வாசனைதான் முதலில் வந்தது. பாட்டி எந்நேரமும் கடைவாயில் ஒதுக்கி வைத்திருந்த கிராம்பு. அதற்கு அடியில் வேறொரு வாடை, நாள்கணக்கில் கழுவாத வாயின் வாடை. உருண்டையின் வலது கன்னம் நனைந்து பளபளத்தது. காது மடல்வரை எச்சில் வழிந்திருந்தது. எலி துண்டால் துடைத்தாள். இழை இழையாக ஒட்டிக்கொண்டு வந்தது.

அடியில் சிவப்பாகப் பல் தடம், மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை. மேல் வரிசையில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் தோல் அழுந்தாமல் தப்பித்திருந்தது.

அந்தப் பள்ளம்.

அவள் கையால் செதுக்கிய பள்ளம்.

அம்மாவும் மாமாவும் இவ்வளவு நேரமும் அவள் கண்முன்னால்தான் இருந்தார்கள். அறைக்கு வேறு வாசலும் இல்லை. பின்னாலேயே வந்து எட்டிப் பார்த்த அம்மாவின் முகம் மலர்ந்துபோனது.

"அம்மா வந்திருக்கா" என்று கிசுகிசுத்தாள். "கொள்ளுப்பேத்தியைப் பாக்காமயே போயிட்டமேன்னு ஏங்கியிருப்பா. வந்து பாத்துட்டா."

"கன்னத்தைப் பாரும்மா! உனக்கு அருவருப்பா இல்லையா?"

"செல்லக்கடிதானேடி. உன்னைக் கடிக்காததா?"

சொல்லிவிட்டு அம்மா குனிந்து, அந்த ஈரத்தின் மேலேயே உதட்டைப் பதித்து முத்தம் கொடுத்தாள்.

எலி குழந்தையை இடுக்கிக்கொண்டு சிங்க்குக்கு ஓடினாள். டம்ளர் தண்ணீர் இப்போது கெட்டியாக வெளுத்திருந்தது. திரிந்த பால் நாறியது. இரண்டு பற்களுக்கு நடுவில் பூனைமுடி போல மெல்லிசாக ஒரு முடி மாட்டியிருந்தது. குழந்தையின் முடி. எலி சிங்க்கிலேயே வாந்தி எடுத்தாள். உயிராக நினைத்த பாட்டிமேல் இப்படி ஓர் அருவருப்பு வருகிறதே என்று, அதற்கும் சேர்த்து அழுதாள்.

மாமாதான் சத்தம் போடாமல் சுத்தியலைக் கொண்டுவந்து கொடுத்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"அது எங்கம்மா வாய்டா!" அம்மா குறுக்கே விழுந்தாள்.

"குழந்தைக்கு ஆகாதுக்கா. நகரு."

மாமா குழந்தையை வாங்கிக்கொண்டார். எலி டம்ளரைக் கொல்லைப்புறத்துக்கு எடுத்துப்போய், சிமெண்ட் தரையில் செட்டைக் கொட்டினாள். முதல் அடியிலேயே இரண்டாகப் பிளந்தது. பள்ளம் விழுந்த அந்தப் பல்லைத் தேடித்தேடி அடித்தாள். மாவாகும்வரை விடவில்லை. ரோஸ் நிறத் துண்டு ஒன்று செருப்பில் ஒட்டிக்கொண்டு, உதறினாலும் விழவில்லை. குச்சியால் நெம்பி எடுத்தாள். எல்லாவற்றையும் பேப்பரில் கூட்டி அள்ளித் தெருமுனைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தபோது அம்மா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"நான் ஒரு தடவை வெறும் வாயோட அனுப்பினேன்" என்றாள் அம்மா. "நீ ரெண்டாவது தடவை அனுப்பிட்ட."

எலி மாமாவிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். டாக்சி வந்ததும் பைகளை அள்ளிப் போட்டுக்கொண்டு ஏறினாள்.

வெயில் இன்னும் இருந்தது. கடைகள், சிக்னல், ஸ்கூல் விட்டு வரும் பிள்ளைகள் என்று உலகம் தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. வெயில் படாமல் இருக்க உருண்டையின் முகத்தை மெல்லிய துணியால் மூடி மடியில் போட்டுக்கொண்டாள். மெதுவாக மூச்சு சீரானது. பாவம் பாட்டி, என்று முதல்முறையாக நினைத்தாள்.

"வாயில கிராம்பு போட்டிருக்கீங்களா மேடம்?" டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். "வாசனை தூக்குது."

துணிக்கு அடியில் உருண்டை கிளுகிளுவென்று சிரித்தாள்.

எலி துணியை விலக்கினாள்.

இந்த முறை இடது கன்னம். பல் தடம் எதுவும் இல்லை. கன்னத்துச் சதை வட்டமாக மேலே இழுபட்டு நின்றது. அதைச் சுற்றி லாடம் போல ஈரமாக ஓர் அழுத்தம், மேலும் கீழும். இடது ஓரத்தில் ஒரு சின்ன மேடு. அந்த மேடு அவளுக்குத் தெரியும். செட்டுக்கு அளவெடுக்க அந்த வெறும் ஈற்றை அச்சு எடுத்தவளே அவள்தான்.

எலி விரலை அந்த இடத்தில் வைத்தாள். விரல் காற்றில் படவில்லை. சூடான, வழவழப்பான எதிலோ பட்டது.

"போதும் பாட்டி" என்றாள், குரல் எழும்பாமல்.

சதை இன்னும் கொஞ்சம் இழுபட்டது. சிவப்பு, ஓரத்திலிருந்து நீலமாக மாறிக்கொண்டிருந்தது.

"போதும் பாட்டி. போதும். விட்டுடு பாட்டி, போதும்..."

கடிபட்டவங்களே வாயைத் திறந்து சொல்லணும்.

உருண்டை எலியின் முகத்தைப் பார்த்துப் பொக்கை வாயைத் திறந்தாள்.

"ங்கா" என்றாள். அவளுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.