இருபத்து நாலாம் எண்

மழை நாளில் என்னைக் கூப்பிடுகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே வியாதி. “நெட் வரலை தம்பி.” போய்ப் பார்த்தால் வயர் கழன்றிருக்கும். மாட்டிவிட்டு, திட்டவும் முடியாமல் பல்லைக் காட்டிவிட்டு வருவேன். அன்று மத்தியானமும் முனகிக்கொண்டேதான் அந்தப் பழைய வீட்டின் மாடிப்படி ஏறினேன்.

கதவைத் திறந்த அம்மாவைப் பார்த்ததும் முனகல் தானாக நின்றது. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

“பொண்ணு வெளிநாட்டுல ஆஸ்பத்திரில இருக்கா தம்பி. ஆபரேஷனுக்குக் கொண்டுபோறதுக்கு முன்னாடி ஒரு தடவை உன் முகத்தைப் பாக்கணும்மான்னா. மழையில போனும் செத்துப்போச்சு. உன் கால்ல வேணா விழறேன்.”

“ஐயோ, என்னம்மா பேச்சு இது? அஞ்சு நிமிஷ வேலை.”

என் நாக்கில் சனி.

ஜன்னல் சாத்திய அறையில் ஈர மண் வாசனை மூக்கை அடைத்தது. மோடத்தின் விளக்குகள் ஒழுங்காக எரிந்தன. வயர் சரி. அணைத்துப் போட்டேன். திரையில் அதே செய்தி: இந்த எண்ணை வேறொரு கம்ப்யூட்டர் பயன்படுத்துகிறது.

ஒரு வீட்டில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஓர் எண் உண்டு. ஒரே எண்ணை இரண்டு பிடித்துக்கொண்டால் சண்டைதான். மேஜை ஓரத்தில் ஒட்டியிருந்த துண்டுச் சீட்டில் ‘24’ என்றிருந்தது.

“இது யார் போட்ட நம்பர்மா?”

“என் வீட்டுக்காரர் அவர் லேப்டாப்புக்குப் போட்டது. அவர் ஞாபகமா இருக்கட்டும்னு இந்தப் புதுசுக்கும் அதையே போடச் சொன்னேன்.”

“அந்த லேப்டாப் எங்க? அதை ஆஃப் பண்ணா தீர்ந்துது.”

அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்.

“அவர் கூடவே பெட்டியில வெச்சுப் புதைச்சுட்டோம்.”

எண்ணை முப்பது என்று மாற்றினேன். அதே செய்தி. நாற்பது. அதே செய்தி.

என் லேப்டாப்பை மோடத்தில் மாட்டி, இருபத்து நாலுக்கு ‘பிங்’ போட்டேன். அது ஒரு விசாரிப்பு. ‘இருக்கியா?’ என்று கேட்டால், அந்த எண்ணில் யாராவது இருந்தால் ‘இருக்கேன்’ என்று பதில் வரும்.

பதில் வந்தது.

அந்த அம்மாவின் கம்ப்யூட்டரை அணைத்தேன். பதில் வந்தது.

மோடத்தின் பிளக்கையே பிடுங்கினேன். விளக்குகள் செத்தன.

பதில் வந்தது.

பையைத் தூக்கிக்கொண்டு ஓடலாம் என்று எழுந்தேன். அந்த அம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

“போயிடாத தம்பி. அவருக்கும் அவ முகத்தைப் பாக்கணும் போல இருக்கு. அவ்வளவுதான்.”

இன்னொரு நாற்காலியைத் தன் பக்கத்தில் இழுத்துப் போட்டார்.

“என்னங்க, சண்டை வேண்டாம். ரெண்டு பேருமா பாக்கலாம். வழி விடுங்க.”

எல்லாவற்றையும் மறுபடி மாட்டிப் போட்டேன். செய்தி வரவில்லை; வீடியோ அழைப்பு போனது. திரையில், ஆஸ்பத்திரிக் கட்டிலில், அந்தப் பெண் சிரித்தாள்.

“அம்மா! சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன்டி கண்ணு. நீ பயப்படாத, சரியாயிடும்.”

பெண்ணின் பார்வை மெல்ல நகர்ந்து, காலி நாற்காலியில் நின்றது.

“இல்லம்மா. இப்ப பயமே இல்ல.”

மண் வாசனை குப்பென்று ஏறியது.

“இதோ வரேம்ப்பா,” என்றாள்.

“எங்கடி வரே? போகாதடி!” அந்த அம்மா திரையை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார். “என்னங்க, அவளை விடுங்க! பாக்கத்தானே கூப்பிட்டேன்!”

படம் அறுந்தது. வெளியே இடி விழுந்து கரண்டும் போனது. மோடம் இருட்டாகிவிட்டது.

இருட்டில் என் லேப்டாப் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. பாழும் பழக்கம், கை தானாகப் பிங் போட்டது.

இருபத்து நாலு: பதில் வந்தது.

ஏன் போட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை. யாருக்கும் கொடுக்காத இருபத்தைந்துக்கும் ஒன்று போட்டேன்.

பதில் வந்தது.